இல்லாத கையின் வலி

ஓசூரில் பொழுது புலர்ந்ததைச் சேவல் கூவி அறிவித்த காலம் மலையேறிவிட்டது. முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்ற வரும் பேருந்துகளின் இரைச்சலே இன்று இங்கே திருப்பள்ளியெழுச்சி. சிப்காட் தொழிற்பேட்டை தோன்றுமுன் கேழ்வரகும் கொள்ளும் விளைந்த மேட்டு நிலம் இது. இன்று இங்கே விளைவன இருசக்கர ஊர்திகள், சரக்குந்துகள், கைக்கடிகாரங்கள். அவற்றுக்கு வேண்டிய ஆயிரம் உதிரிப் பாகங்களை அடித்துத் தள்ளும் சிறு பட்டறைகளோ சந்துக்குச் சந்து. வீட்டிலே தெலுங்கு, கடைவீதியிலே தமிழ், ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளியில் கால் வைத்தால் கன்னடம். மாநிலம் மாறும், மண்ணும் மாறாது, மக்களின் பாடும் மாறாது. இவ்வட்டாரத்துப் பள்ளியொன்றில்தான் நாம் வரலாறு கற்பிக்கிறோம்.

வரலாறு கற்பிப்பவர் மூளையைப் பற்றி எழுத முனைவதேன் என்று நண்பர்கள் கேட்கலாம். நாமாகத் தேடிப்போன பொருளன்று இது. ஒரு மனிதரின் கை நம்மை இழுத்துச் சென்றது. இல்லாத கை!

ஒன்பதாம் வகுப்பிலே நம்மிடம் ஒரு மாணவன். கணக்கிலே கெட்டிக்காரன், கேள்வி கேட்பதிலோ அதைவிடக் கெட்டிக்காரன். அவன் நான்கு நாள் வரவில்லை. நான்கு பத்தாயிற்று. வீடு தேடிப் போனோம். தகரக் கூரை வேய்ந்த ஒற்றை அறை. வாயிலிலே நசுக்கிய எலுமிச்சம்பழம், சிந்திய குங்குமம், கோழியின் இறகு. உள்ளே, சுவரில் சாய்ந்தபடி மாணவனின் தந்தை. வலக்கையிலே மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை.

பவர் பிரஸ் வாங்கிய பலி அது. அந்த எந்திரத்துக்கு இரண்டு பொத்தான்கள். இரண்டையும் இரு கைகளாலும் ஒருசேர அமுக்கினால்தான் மேலிருக்கும் டை கீழே இறங்கும். தொழிலாளியின் கை உள்ளே இருக்கும்போது எந்திரம் இறங்கக்கூடாது என்பதற்காக அறிவாளி ஒருவன் செய்துவைத்த ஏற்பாடு. அந்தப் பட்டறையிலோ ஒரு பொத்தானை அமுக்கியபடியே டேப் சுற்றி வைத்திருந்தார்களாம். ஒரு கையால் பொத்தானை அமுக்கி, மறு கையால் தகட்டை வைத்து எடுத்தால் மணிக்கு எத்தனையோ உருப்படி கூடுதலாகுமே! உருப்படி கூடியது, கை குறைந்தது. ஒப்பந்தத் தொழிலாளி என்பதால் ஏதோ ஒரு தொகையைக் கொடுத்து, இருந்த இடக்கையிலே கைநாட்டு வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டனர்.

"கை போனா போவுது சார். போன கை வலிக்குதே, அதுக்கு என்ன பண்றது?" என்றார் அவர்.

நமக்கு விளங்கவில்லை. விளக்கினார். கை இன்னும் இருக்கிறதாம். இருப்பது மட்டுமன்று, விரல்களை இறுக மடக்கி முட்டியாகவே இருக்கிறதாம். திறக்க முயன்றால் திறப்பதில்லை. நகங்கள் உள்ளங்கையிலே புதைந்து புதைந்து, நள்ளிரவிலே அலறி எழுகிறாராம். இன்னொரு விந்தை: முகம் மழிக்கும்போது கன்னத்திலே கத்தி பட்டால் இல்லாத விரல் கூசுகிறதாம்.

"தெய்யம் பட்டிருச்சு" என்றார் பாட்டி. தெலுங்கு பேசும் குடும்பம். தெலுங்கிலே தெய்யம் என்றால் பேய். கன்னடத்திலும் தெவ்வ என்றால் பேய்தான். எல்லைக்கோட்டுக்கு இப்பால் தெய்வம், அப்பால் பேய்! சொல் ஒன்றுதான், இருதரப்பிலும் தட்டிலே விழும் காசும் ஒன்றுதான். வெட்டுண்ட கையை முறைப்படி புதைக்காததால் அது ஆவியாய் வந்து வதைக்கிறது என்று எல்லைக்கு அப்பாலிருந்து வந்த பூசாரி கண்டு சொன்னாராம். சாட்சி? கன்னத்தைத் தொட்டால் கை கூசுகிறதே, அதைவிட வேறு சாட்சி வேண்டுமா? கோழி முடிந்தது, ஆடு முடிந்தது. இழப்பீடு என்று வந்த சிறு தொகையும் கரைந்துகொண்டிருந்தது. அடுத்த பூசைக்குப் பணமில்லை. ஆகவே மாணவன் பள்ளிக்கு வரவில்லை. எங்கே அவன்? அதேபோன்ற வேறொரு பட்டறையில் எடுபிடி வேலைக்குச் சேர்த்துவிடப் பேசிக்கொண்டிருந்தார்கள். தந்தையின் கையைத் தின்ற எந்திரத்தின் தம்பியிடம் மகனை அனுப்பப் போகிறார்கள், இல்லாத கையின் ஆவிக்கு ஆடு வெட்டுவதற்காக!

நமக்குக் கொதிப்பு ஏறியது. கல்லூரிப் பேச்சுமேடை நினைவுக்கு வந்தது. பேசினோம், நண்பர்களே, கால்மணி நேரம் பேசினோம். பேயில்லை என்றோம், பூசாரி பித்தலாட்டக்காரர் என்றோம். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கையே இல்லாதபோது வலி எப்படி வரும்? எல்லாம் மனப்பிரமை" என்று முடித்தோம்.

அவர் நம்மை நிமிர்ந்து பார்த்தார். "அப்போ நான் பொய் சொல்றேனா சார்?" என்றார்.

விடையின்றித் திரும்பினோம். அன்றிரவு உறக்கமில்லை. பூசாரி அந்த மனிதரின் வலியை நம்பினார். காரணத்தைத்தான் பொய்யாகச் சொன்னார். பகுத்தறிவு பேசப்போன நாமோ வலியையே பொய் என்றோம். நம் இருவரில் அந்தத் தொழிலாளிக்கு அதிகக் கொடுமை இழைத்தவர் யார்? எண்ண எண்ண வெட்கமே மிஞ்சியது.

சில நாட்கள் கழித்துப் பெங்களூருக்குப் போனபோது, அவென்யூ சாலையின் பழைய புத்தகக் கடையொன்றில், மூளைக்குள் உலவும் மாயத்தோற்றங்கள் என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்போடு ஒரு நூல் கண்ணில் பட்டது. எழுதியவர் நம்மவர்: வி. எஸ். இராமச்சந்திரன். சாண்ட்ரா பிளேக்சிலீ என்னும் எழுத்தாளரோடு சேர்ந்து 1998இல் வெளியிட்ட நூல். புரட்டிய பக்கத்திலேயே கையிழந்த ஒருவரின் கதை. நின்றபடியே படித்தோம், பிறகு வாங்கிக்கொண்டு பேருந்திலே படித்தோம், ஓசூர் வந்ததுகூடத் தெரியவில்லை.

விளையனூர் சுப்பிரமணியன் இராமச்சந்திரன் 1951இல் தமிழகத்திலே பிறந்தவர். தந்தையார் ஐக்கிய நாடுகள் அவையின் தொழில்வளர்ச்சி அமைப்பிலே பணியாற்றியதால், இளமையின் ஒரு பகுதி பாங்காக்கிலே கழிந்தது. மருத்துவம் பயின்றது வடசென்னையின் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில். மாணவராக இருக்கும்போதே, இரு கண்களும் காணும் இரு படங்களை மூளை எவ்வாறு ஒன்றாக்குகிறது என்பது பற்றி அவர் எழுதிய ஆய்வுரையை, 1972இல் 'நேச்சர்' என்னும் புகழ்மிக்க அறிவியல் ஏடு வெளியிட்டது. பின்னர் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியிலே முனைவர் பட்டம், அதன்பின் அமெரிக்கா. 1983 முதல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்திலே ஆசிரியப்பணி. அவர் பயின்ற ஸ்டான்லியிலேதான் ஆர். வெங்கடசாமி என்னும் அறுவை மருத்துவர், நசுங்கிய கைகளைச் சீராக்குவதற்கென்றே தனித்துறை கண்டு வளர்த்தார் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். கையை ஒட்டவைக்கும் கலையை ஒருவர் வளர்த்தார். ஒட்டவைக்க இயலாமற்போன கையின் வலிக்கு வழி தேடினார் மற்றவர்.

பார்வையைப் பற்றிய ஆய்விலே பல்லாண்டு செலவிட்டவர் கையின் பக்கம் திரும்பியதற்கு ஒரு காரணம் உண்டு. மூளையின் மேற்பரப்பிலே உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் தனியிடம் உண்டு என்பதை, வைல்டர் பென்பீல்டு என்னும் கனடா நாட்டு அறுவை மருத்துவர் முப்பதுகளிலேயே வரைந்து காட்டியிருந்தார். அந்த வரைபடம் உடலின் வரிசையிலே அமைந்ததன்று. அதிலே கைக்கு அண்டை வீடு தோளன்று, முகம்! 1991இல், கையிலிருந்து உணர்வு வாராதபடி நரம்பு துண்டிக்கப்பட்டுப் பல்லாண்டுகள் கழிந்த குரங்குகளை டிம் பான்சு என்பவரும் குழுவினரும் ஆராய்ந்தனர். குரங்கின் முகத்தைத் தொட்டால் மூளையிலே கைக்குரிய பகுதி துடித்தது கண்டனர். குரங்கு வாய்திறந்து சொல்லாது, எங்கே உணர்கிறேன் என்று. மனிதன் சொல்வானல்லவா?

இராமச்சந்திரன் கோடிக்கணக்கில் கருவி வாங்கவில்லை. காது குடையும் பஞ்சுக் குச்சி ஒன்றை எடுத்தார். விபத்திலே கையிழந்த பதினேழு வயது இளைஞனின் கண்ணைக் கட்டி, உடலெங்கும் தொட்டுக் கேட்டார். கன்னத்தைத் தொட்டபோது, "கட்டைவிரலைத் தொடுகிறீர்" என்றான் அவன். மேலுதட்டைத் தொட்டால் ஆட்காட்டி விரல். தாடையைத் தொட்டால் சுண்டுவிரல். இல்லாத கை முழுவதும் முகத்திலே பரவிக்கிடந்தது.

இதைப் படித்தபோது நமக்கு மெய் சிலிர்த்தது. கத்தி கன்னத்தில் பட்டால் விரல் கூசுகிறது என்று சொன்னாரே நம் தொழிலாளி! பூசாரி சாட்சியாகக் காட்டிய அதே கூச்சம்! பாட்டி அதைப் பேயின் வேலை என்றார். நாம் பொய் என்றோம். அவ்விரண்டுமன்று, அது ஒரு மூளையின் உண்மையான செய்தி. எல்லையூர்க்காரராகிய நமக்கு அந்த விளக்கம் எளிதிலே புரிந்தது. இப்பக்கத்து நிலம் ஆளின்றிக் கிடந்தால் அப்பக்கத்தார் வரப்பைத் தாண்டி வருவதை நாம் பார்க்காததா?

இனி வலிக்கு வருவோம். முட்டி ஏன் திறக்கவில்லை? இராமச்சந்திரன் தந்த விளக்கம் இது. மூளை, "விரலை மடக்கு" என்று கட்டளை அனுப்புகிறது. கை இருந்தால், "மடக்கியாயிற்று, போதும்" என்று தோலும் மூட்டும் கண்ணும் மறுமொழி தரும். கை இல்லையே! மறுமொழி வாராததால் மூளை மேலும் மேலும் உரக்கக் கட்டளையிடுகிறது. கேளாச் செவிக்குக் கூவும் மேலதிகாரி போல! அப்படியானால் அந்த மறுமொழியைப் பொய்யாகவேனும் கொடுத்தால் என்ன? ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை மார்புக்கு நேரே நிறுத்தினார். இருக்கும் கையைக் கண்ணாடியின் முன்னே நீட்டச் சொன்னார். இழந்த கையின் மிச்சம் கண்ணாடியின் பின்னே மறைந்தது. கண்ணாடியுள் நோக்கினால், இழந்த கை இருந்த இடத்திலேயே ஒரு கை தோன்றுகிறது. இருக்கும் கையை விரித்தால் அதுவும் விரிகிறது. பத்தாண்டுகளாக அசையாது விறைத்துக்கிடந்த மாயக்கை அசைந்துவிட்டதென்று ஒருவர் வியந்து கூவினார். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சில வாரம் பழகியபின், அவருடைய மாயக்கையின் பெரும்பகுதி மறைந்தே போயிற்று. 1990களின் நடுவிலே வெளிவந்த இந்த ஆய்வைச் செய்ய வேண்டியிருந்தது ஒரு கண்ணாடியும் ஒரு பெட்டியும் மட்டுமே!

அதன் பயன் எங்கெங்கு பரவியது பாருங்கள். 2007இல், போரிலே காலிழந்த அமெரிக்க வீரர்களிடையே கண்ணாடிச் சிகிச்சையைச் சோதித்தனர். ஆய்வை முடித்தவர் பதினெண்மர். அவர்களுள் கண்ணாடியைப் பார்த்துப் பயின்ற அறுவருக்கும் நான்கு வாரத்திலே வலி குறைந்தது. பக்கவாதத்தால் கை செயலிழந்தோர்க்கு உதவுமா என்று 1999இல் ஒன்பது பேரிடம் தொடங்கிய சோதனை, பின்னர் பல நாடுகளிலே அறுபதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளாய்ப் பெருகியது. இன்று இயன்முறை மருத்துவர்கள் கையாளும் முறைகளுள் ஒன்றாய் நிலைத்தது. இராமச்சந்திரனை 2003இல் பி.பி.சி. நிறுவனம் ரீத் சொற்பொழிவாற்ற அழைத்தது; 2007இல் இந்திய அரசு பத்ம பூஷண் விருதளித்தது. விருதுகளை விடுங்கள். ஒரு கண்ணாடியால் உலகின் மூலை முடுக்கிலே ஒருவன் நிம்மதியாய் உறங்குகிறான் என்றால் அதைவிட விருது வேறென்ன?

நாமும் ஒரு கண்ணாடி வாங்கினோம். பழைய இரும்புக் கடையிலே, உடைந்த பீரோவிலிருந்து கழற்றிய நீளக் கண்ணாடி. முன்பு ஒருமுறை அறியாமல் பேசிச் சூடுபட்டவர் நாம். ஆகவே இம்முறை முதலில் இயன்முறை மருத்துவர் ஒருவரைக் கண்டு கேட்டோம். "நாளைக்குக் கால்மணி நேரம் செய்யட்டும். தலைசுற்றினால் நிறுத்தட்டும். எல்லார்க்கும் பலிக்குமென்று உறுதி சொல்லாதீர்" என்றார்.

மாணவன் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டான். நாம் முதலில் செய்தது மன்னிப்புக் கேட்டது. "நீங்கள் சொன்னது பொய்யன்று, வலி உண்மை. அன்று நாம்தான் அறியாமல் பேசிவிட்டோம்" என்றோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, இடக்கையை நீட்டினார். முட்டியாய் மடக்கினார். கண்ணாடியுள் வலக்கை மடங்கியது. பிறகு மெல்ல, ஒவ்வொரு விரலாய், விரித்தார். நெடுநேரம் அசைவில்லை. "திறக்குது" என்றார். பின், "சார், திறக்குது" என்றார். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. துடைக்கக் கையை எடுத்தால் கண்ணாடிக்குள் இருக்கும் கை போய்விடுமே! பாட்டி எழுந்து போய்க் கண்ணாடியின் பின்புறத்தை எட்டிப் பார்த்தார். அங்கே தெய்யம் இல்லை. பேரனின் விரல்கள்தாம் இருந்தன.

வலி முற்றும் தீர்ந்ததா என்றால், இல்லை. அலறி எழும் இரவுகள் குறைந்தன. குளிர் மிகுந்த நாட்களிலே முட்டி மீண்டும் இறுகுகிறது. நடந்ததை நடந்தபடி சொல்வதே முறை. அற்புதம் நிகழ்ந்ததென்று எழுதினால் நமக்கும் பூசாரிக்கும் வேற்றுமை என்ன?

இங்கே ஒன்றை நம் இளைஞர்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். இராமச்சந்திரனை நாம் பூசிக்க வேண்டியதில்லை. அவர் கருத்துகளுக்கும் மறுப்புகள் எழுந்தன. முகம் கையின் நிலத்தைப் பிடித்துக்கொள்கிறது என்றாரே, அதை 2013 முதல் தமார் மேக்கின் என்னும் ஆய்வாளரும் குழுவினரும் கேள்விக்குள்ளாக்கினர். கை இழக்குமுன்னும் இழந்தபின்னும் மூவரின் மூளையைப் படமெடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2025இல் வெளிவந்தது. கைக்குரிய பகுதி பெரும்பாலும் பழையபடியே இருக்கக் கண்டனர். பட்டா இன்னும் கையின் பெயரிலேயே இருக்கிறது என்கிறார்கள்! மாயவலிக்குக் கண்ணாடி உதவுவது பற்றிய பிற்கால ஆய்வுகளும் ஒரே குரலிலே பேசவில்லை. பிறர் செயலைக் காணும்போதே துடிக்கும் நரம்பணுக்கள் உளவியலுக்குப் பெரும் திறவுகோலாகும் என்று 2000இல் அவர் எழுதியதையும், மிகை என்று மறுத்தோர் பலர். ஆனால் மறுத்தவரை எவரும் சபிக்கவில்லை, நாத்திகரென்று தள்ளிவைக்கவுமில்லை. ஆதாரத்தை வைத்தனர், ஆதாரத்தால் எதிர்த்தனர். சாத்திரத்துக்கும் அறிவியலுக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

இன்னொன்று. வலிப்பு நோயின் ஒரு வகையிலே, சிலர்க்குக் கடவுளைக் கண்டது போன்ற பெருங்கிளர்ச்சி உண்டாவதையும் அவர் ஆராய்ந்தார். உடனே, மூளையிலே கடவுள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார் என்று செய்தியேடுகள் முழங்கின. அவரோ, கடவுள் உண்டென்றோ இல்லையென்றோ இது மெய்ப்பிக்கவில்லை என்றார். நம்மவர் சிலர் இதிலே ஏமாற்றமடையக்கூடும். ஏமாற்றம் வேண்டாம். ஆதாரம் நிற்கும் இடத்திலே தானும் நிற்பதுதான் பகுத்தறிவு; நமக்கு இனிக்கும் முடிவுக்காக ஓரடி கூடத் தாண்டினாலும் அது வேறொரு பூசாரித்தனம்.

மாணவன் பள்ளிக்குத் திரும்பிவிட்டான். வீட்டு வாயிலிலே எலுமிச்சம்பழம் இன்னும் தொங்குகிறது. நாம் அதை அறுத்தெறியச் சொல்லவில்லை. ஆடு வெட்டுவது நின்றது. பாட்டிக்கு ஆறுதலாய் ஒரு பழம் தொங்கினால் தொங்கட்டும், அது காய்ந்து தானே விழும். இழப்பீடு கேட்டு முறைப்படி மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதன் முடிவு இன்னும் வரவில்லை.

அந்த மனுவை எழுதுகையில்தான் ஒன்று உறைத்தது. எந்திரத்தின் ஆபத்தான பகுதிக்கு வேலியிட வேண்டுமென்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். ஏட்டிலே வேலி இருந்தது, எந்திரத்திலே இல்லை. மூளையின் புதிரை அவிழ்க்க ஓர் அறிஞரின் வாழ்நாள் வேண்டியிருக்கிறது. அந்தப் பொத்தானின் மேல் சுற்றிய டேப்பை அவிழ்க்க ஒரு கத்தரி போதும். அறிவியல் கண்ணாடி தந்தது. கத்தரியை எடுக்க வேண்டியவர்கள் யார்?

பேய் நம்பிக்கையைப் போக்க ஊரூராய்ப் புறப்படும் நண்பர்களே! புறப்படுங்கள். ஆனால் அந்தத் தொழிலாளி நம்மைக் கேட்ட கேள்வியை மடியிலே முடிந்துகொண்டு புறப்படுங்கள். "பேய் இல்லை" என்பது நம் இரண்டாம் வாக்கியமாக இருக்கட்டும். "உமக்கு வலிக்கிறது, நம்புகிறோம்" என்பதே முதல் வாக்கியம்.